பாதி முகத்தோடு ஒரு பாடகர்

டென்மார்க்கில் பிறந்த டெனர் பாடகர் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால், மேல்நாட்டுச் சங்கீதத்தில் கொஞ்சம் காது பழகியவர்கள் யோசிக்காமல் லாரிட்ஸ் மெல்கியோர் என்பார்கள். அதில் பிசகு ஒன்றும் இல்லை. ஆள் மலை மாதிரி, குரலும் அப்படியே. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறொருவரைப் பற்றி. என்ன செய்வது, மெல்கியோர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொண்டிருக்கிறார். அவரோடு இரண்டு வார்த்தை பேசாமல் உள்ளே போக முடியாது.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன விளக்கம். மேல்நாட்டார் ஆண் குரலை மூன்று தட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அடியில் இருப்பது பாஸ். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற கனத்த குரல். நடுவில் பாரிடோன்; நம்மில் பெரும்பாலான ஆண்கள் பேசுகிற மட்டத்தை ஒட்டியது. எல்லாவற்றுக்கும் மேலே டெனர். ஆபராவில் காதலன், வீரன், இளவரசன் எல்லாரும் பெரும்பாலும் டெனர்தான். வில்லனுக்கும் கிழத் தகப்பனுக்கும் கீழ்க் குரல்கள். நல்ல டெனர் அபூர்வம். ஆகவே கிராக்கி அதிகம், சம்பளம் அதிகம், தலைக்கனமும் அதிகம் என்பது ஆபரா உலகத்து வம்பு.

மெல்கியோர் 1890 மார்ச் 20 அன்று கோபன்ஹேகனில் பிறந்தார். இத்தாலிய டெனர் ஜீலி பிறந்ததும் அதே வருஷம், அதே தேதி. கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் போய்விட்டாள். குடும்பத்தை நிர்வகித்த கிறிஸ்டினெ யென்ஸென் என்ற அம்மாளின் ஆதரவில் வளர்ந்தார். இந்த அம்மாள் 1901இல் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டாள்; அது டென்மார்க்கில் வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது. மெல்கியோரின் படங்களைப் பார்த்தால், அந்தச் சமையல் புத்தகம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்று தெரிகிறது. 1913இல் கோபன்ஹேகன் ராயல் தியேட்டரில் பாரிடோனாகத்தான் அவர் அரங்கேறினார். சுற்றுப்பயணத்தில் உடன் பாடிய ஓர் அமெரிக்க மாது, மேடம் சார்ல்ஸ் காஹியர், அவர் ஒரு நாள் அநாயாசமாக எட்டிப் பிடித்த மேல் சுரத்தைக் கேட்டு, “நீ பாரிடோனே அல்ல, மூடி போட்ட டெனர்” என்ற மாதிரி ஏதோ சொல்லிவைத்தாள். 1918இல் டெனராக மறுபடி அரங்கேற்றம். ஆங்கில நாவலாசிரியர் ஹ்யூ வால்போல் அந்தக் குரலில் மயங்கிப் படிப்புக்குப் பணம் கொடுத்தார். (நாவலாசிரியர் கையில் பிறருக்குக் கொடுக்கப் பணம் இருந்த தேசமும் ஒன்று உண்டு என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.) 1924இல் லண்டன், அதே ஆண்டு வாக்னரின் சொந்த மேடையான பைராய்ட், 1926இல் நியூயார்க் மெட்ரோபாலிடன். அங்கே 1950 வரை அவர் ராஜ்யம். டிரிஸ்டான் வேஷத்தை மட்டும் இருநூறு தடவைக்கு மேல் போட்டார். கடைசியில் ஹாலிவுட்டிலும் தலைகாட்டிவிட்டு 1973இல் காலமானார்.

பெரிய வாழ்வு. குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. கீழ்க் குரலிலிருந்து மேல் குரலுக்கு ஏறி, ஏறிய இடத்தில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவர் மெல்கியோர். என் பாடகர் மேலிருந்து கீழே இறங்கியவர். இறங்கியவர் என்பதுகூடச் சரியில்லை, இறக்கப்பட்டவர்.

பெயர் ஆக்ஸெல் ஷியோட்ஸ். தமிழ் எழுத்தில் இதற்குமேல் நெருங்க முடியாது. டேனிஷ்காரர்கள் எழுதுவதில் பாதியை விழுங்கிவிட்டுப் பேசுகிறவர்கள். போதாததற்கு இந்தப் பெயரின் நடுவில் இருக்கும் உயிரெழுத்து நம்மிடம் இல்லாதது. ‘ஏ’ என்று சொல்வதற்கு நாக்கை வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் ‘ஓ’ என்பதற்குப் போலக் குவித்தால் வரும் ஒலி. வாசகர்கள் வீட்டில் ஆளில்லாத சமயம் பார்த்துச் செய்து பார்க்கலாம். விளையாட்டாகச் சொல்லவில்லை, இந்த உதடு குவிகிற விஷயம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

1906 செப்டம்பர் முதல் தேதி ரோஸ்கில்டே என்ற ஊரில் பிறந்தார். டென்மார்க் ராஜாக்களை அடக்கம் செய்கிற பழைய தேவாலயம் அந்த ஊரில் இருக்கிறது. பாட்டு அவருக்குப் பிழைப்பாக இருக்கவில்லை. கோபன்ஹேகன் சர்வகலாசாலையில் மொழிகள் படித்துப் பட்டம் வாங்கி, பள்ளிக்கூட வாத்தியாராகப் போனார். முப்பது வயது சமீபிக்கும்வரை மற்ற வாத்தியார்களைப் போலத்தான் அவரும் காகிதக் கட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். குரல் நல்ல குரல் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் நல்ல குரல் உள்ள வாத்தியார்கள் உலகத்தில் எத்தனையோ பேர். பிறகுதான் துணிந்து ஸ்டாக்ஹோமுக்குப் போய், ஜான் ஃபோர்ஸெல் என்ற ஸ்வீடிஷ் பாரிடோனிடம் பாடம் கேட்டார். யூஸி பியோர்லிங் என்ற மகா டெனரை உருவாக்கிய குரு அவர். 1938இல் ஷியோட்ஸின் முதல் கச்சேரி. 1939இல் ராயல் தியேட்டரில் மோஸார்ட்டின் ஆபராவில் காதலன் வேஷம். அப்போது அவருக்கு வயது 32.

தாமதந்தான். ஆனால் அந்தத் தாமதத்தினால் ஒரு லாபம் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. சாரீரத்தை முதலில் சம்பாதித்துவிட்டுச் சொல்லைப் பிறகு தேடுகிற பாடகர்கள் எந்த தேசத்திலும் உண்டு. இவர் மொழியை முதலில் படித்தவர். ஒரு சொல்லில் எந்த எழுத்தில் கனம் விழுகிறது, ஒரு வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது என்பதை வகுப்பில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் பாட்டைக் கேட்கும்போது, பாடுகிறார் என்ற நினைப்பே சில இடங்களில் வருவதில்லை. நம்மிடம் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது சுருதியோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் டென்மார்க்கின் பாட்டுப் பழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் குருண்ட்விக் என்று ஒரு பாதிரியார் இருந்தார். கவி, சரித்திரக்காரர், கொஞ்சம் கிறுக்கு. குடியானவர் வீட்டு இளைஞர்களுக்கென்று பரீட்சையே இல்லாத உயர்நிலைப் பள்ளிகள் வேண்டும் என்று அவர் எழுதினார். 1844இல் முதல் பள்ளி ஏற்பட்டது. பிறகு நாடு முழுதும் பரவிற்று. அந்தப் பள்ளிகளில் காலையில் எல்லாரும் சேர்ந்து பாடிவிட்டுத்தான் பாடம். 1894இல் அதற்கென்றே ஒரு பாட்டுப் புத்தகம் வந்தது. இன்றுவரை புதுப் பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. பஜனை மடத்தில் பாடுவதுபோலச் சேர்ந்து பாடுவது. பாடுகிற விஷயம் மட்டும் சாமி ஒன்றே அல்ல. வயல், கடல், குளிர்காலம், தாய்மொழி எல்லாம் உண்டு.

கார்ல் நீல்சன் என்ற பெரிய சங்கீதகர்த்தா, சிம்பொனிகள் எழுதி உலகப் பெயர் எடுத்தவர், இந்தப் பள்ளிக்கூடப் பாட்டுகளுக்கும் மெட்டமைத்தார். வீடுகளுக்கு வர்ணம் அடிப்பதும் கல்யாணங்களில் பிடில் வாசிப்பதும் தொழிலாகக் கொண்ட ஓர் ஏழையின் பிள்ளை அவர். 1907இல் அவர் மெட்டமைத்த ஒரு பாட்டு, சாலையோரம் கல் உடைக்கும் ஒரு கிழவனைப் பற்றியது. ஆயுள் முழுதும் கல் உடைத்தவன். செத்த பிறகு அவன் குழியின் தலைமாட்டில் வைக்க ஒரு கல் கிடைக்கவில்லை, பழைய பலகைதான் நட்டிருக்கிறது. யெப்பெ ஓக்யேர் என்ற கவி எழுதியது. மெட்டில் ஒரு வித்தையும் இல்லை. குழந்தை பாடலாம். ஆனால் பெரிய வித்வான் பாடினால் கெட்டுப்போகும். ஓர் இடத்தில் குரலைக் காட்டினால் போதும், கிழவன் மறைந்து வித்வான் வந்து நின்றுவிடுவார்.

இந்த மாதிரிப் பாட்டுகளைத்தான் ஷியோட்ஸ் கிராமபோன் தட்டுகளில் நிறையப் பாடினார். நீல்சனின் பாட்டுகள், அவருக்கு முந்தியவர்களின் பாட்டுகள். ஆபரா மேடையை விட இந்த இடத்தில்தான் அவர் நின்றார். கூடப் பியானோ வாசித்தவர்களில் முக்கியமானவர் ஹெர்மன் கொப்பெல், தாமே நல்ல சங்கீதகர்த்தா, யூதர்.

1940 ஏப்ரல் 9 விடியற்காலையில் ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் நுழைந்தது. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. சின்ன நாடு, தட்டையான பூமி, ஒளிந்துகொள்ள ஒரு மலை கிடையாது. ராஜா அரண்மனையில், மந்திரிகள் காரியாலயத்தில், தெருவில் மட்டும் அந்நிய சிப்பாய். அவமானத்தை என்ன செய்வதென்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. ஜூலை 4 அன்று ஆல்போர்க் என்ற ஊரில் கூட்டம் கூடிப் பழைய பாட்டுகளைப் பாடியது. அது பிடித்துக்கொண்டது. செப்டம்பர் முதல் தேதி நாடு முழுதும் ஒரே சமயத்தில் மைதானங்களிலும் பூங்காக்களிலும் கூடிப் பாடினார்கள். ஏறக்குறைய 7 லட்சம் பேர் என்கிறார்கள். தேசத்தின் மொத்த ஜனத்தொகையே அப்போது 38 லட்சத்துச் சொச்சம். அன்றைக்கு ஷியோட்ஸுக்கு 34 வயது பூர்த்தி, தற்செயல்தான்.

பாட்டினால் ஒரு டாங்கி திரும்பிப் போகாது. அந்தக் கூட்டங்களைப் பற்றி டென்மார்க்கிலேயே ஏளனமாகப் பேசியவர்கள் இருந்திருப்பார்கள். நானாக இருந்தாலும் பேசியிருப்பேன். துப்பாக்கி தூக்க வேண்டிய சமயத்தில் தொண்டையைத் திறக்கிறார்கள் என்று. ஆனால் மூன்று வருஷம் கழித்து நடந்ததைப் பார்க்கவேண்டும். 1943 அக்டோபரில் யூதர்களைப் பிடித்துக்கொண்டு போக நாஜிகள் ஏற்பாடு செய்தார்கள். செய்தி முன்கூட்டியே கசிந்தது. வாத்தியார், டாக்டர், பாதிரி, மீன்பிடிக்கிறவன் என்று சாதாரண ஜனங்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். சில வாரங்களுக்குள் 7,000 பேருக்கு மேல் மீன்படகுகளில் ஜலசந்தியைத் தாண்டி ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார்கள். கொப்பெலும் குடும்பத்தோடு அப்படித் தப்பினார். மைதானத்தில் பக்கத்தில் நின்று சேர்ந்து பாடியவன் ராத்திரி வந்து கதவைத் தட்டினால், திறக்காமலிருப்பது கொஞ்சம் சிரமம். பாட்டுக்கு அவ்வளவு பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். அதற்குமேல் கோர மாட்டேன்.

ஷியோட்ஸ் இந்த வருஷங்களில் டேனிஷ் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார். எதிர்ப்பின் பக்கம் நின்றார். ஜனங்கள் தங்கள் பாட்டு எது என்று நினைத்தபோது, காதில் கேட்ட குரல் அவருடையதாக இருந்தது. உலகப் புகழ் என்பது வேறு. ஒரு சின்ன தேசம் தன்னுடைய கஷ்டகாலத்தைத் திரும்ப நினைக்கும்போது அதோடு சேர்ந்து ஒரு குரலும் கேட்கும் என்றால், அது மெல்கியோருக்கும் கிடைக்காதது.

1945 மே மாதம் விடுதலை. அந்த இலையுதிர்காலத்திலேயே ஷியோட்ஸ் லண்டனுக்குப் போனார். பக்கவாத்தியத்தைத் தனிக் கலையாக்கிய ஜெரால்ட் மூர் பியானோவில் உட்கார, ஷூபர்ட்டின் ‘அழகிய மில்காரி’ பாட்டுத் தொடரைத் தட்டுகளில் பதிந்தார். 1946 ஆரம்பத்தில் ஷூமனின் ‘கவியின் காதல்’. நாஜிகளை எதிர்த்து நின்றவர் ஜெர்மன் மொழியில் பாடுகிறார். ஷூமன் எடுத்துக்கொண்ட கவிதைகளோ ஹைனே எழுதியவை; ஹைனே பிறப்பால் யூதர், அவருடைய நூல்களை நாஜிகள் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். இதையெல்லாம் யோசித்துத்தான் ஷியோட்ஸ் பாடினார் என்று நான் சொல்லவில்லை. கேட்கிறவனுக்கு யோசனை வராமல் போகுமா?

இந்தத் தட்டுகளின் மறுபதிப்பு என்னிடம் இருக்கிறது. டேனிஷும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது. மொழிபெயர்ப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிற ஜாதி நான். பழைய பதிவு, அடுப்பில் கடுகு வெடிப்பதுபோலச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்குள்ளிருந்து வரும் குரல் பெரிய குரல் அல்ல. மெல்கியோரின் பக்கத்தில் வைத்தால் அகல்விளக்கு. ஆனால் சுடர் ஆடுவதில்லை. ஷூபர்ட்டின் கதை சின்னக் கதை: வேலை தேடிப் புறப்பட்ட பையன் ஒரு ஓடையோடு பேசிக்கொண்டே போகிறான், மில்லில் வேலை கிடைக்கிறது, முதலாளி மகள் மேல் ஆசை, அவள் ஒரு வேட்டைக்காரனைப் பார்க்கிறாள், பையன் ஓடையிலேயே முடிந்துபோகிறான். 20 பாட்டுகள். கடைசிப் பாட்டைப் பாடுவது பையன் அல்ல, ஓடை, செத்தவனுக்குத் தாலாட்டு. பல பாடகர்கள் இந்த இடத்தில் அழுதுவிடுவார்கள், அல்லது நம்மை அழவைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொள்வார்கள். ஷியோட்ஸ் அழவில்லை. ஓடைக்கு அழத் தெரியாது அல்லவா? ஓடிக்கொண்டிருக்கத்தான் தெரியும். அப்படியே பாடியிருக்கிறார். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு தடவையும் குழந்தைமேல் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுவதுபோல இருக்கிறது.

ஷூமனின் தொடர் இன்னும் விசித்திரமாக முடிகிறது. பதினாறாவது பாட்டில் கவி தன் காதலையும் பழைய பாட்டுகளையும் ஒரு பெரிய பெட்டியில் போட்டுக் கடலில் இறக்கிவிடுகிறான். பாட்டு முடிந்துவிடுகிறது. ஆனால் சங்கீதம் முடியவில்லை. பியானோ மட்டும் தனியாக வெகுநேரம் வாசித்துக்கொண்டு போகிறது. பாடகருக்கு வேலை இல்லை. மேடையில் என்றால் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். ஜெரால்ட் மூர் இந்த இடத்தை வாசிப்பதைக் கேட்கும்போது, பக்கத்தில் மௌனமாக நின்ற மனிதரைப் பற்றி நினைக்காமல் எனக்கு இருக்க முடிவதில்லை. இது நடந்தது 1946 ஆரம்பம்.

அந்தக் கோடையில் இங்கிலாந்தில் கிளைண்ட்போர்ன் அரங்கில் பெஞ்சமின் பிரிட்டனின் புது ஆபரா, ‘லுக்ரீஷியாவின் மானபங்கம்’, ஜூலை 12 அன்று அரங்கேறியது. அதில் கதைக்கு வெளியே ஓரமாக நின்று நடப்பதை விவரிக்கிற ஒரு பாத்திரம் உண்டு; நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனிடமிருந்து சிரிப்பை எடுத்துவிட்டால் ஏறக்குறைய அந்த மாதிரி. பிரிட்டன் அதைத் தன் நண்பர் பீட்டர் பியர்ஸின் குரலுக்கென்று எழுதியிருந்தார். நாடகத்துக்கு இரண்டு செட் பாடகர்கள்; பியர்ஸ் பாடாத நாட்களில் அந்தப் பாத்திரத்தைப் பாட ஷியோட்ஸை அழைத்திருந்தார்கள். நாற்பது வயது. யுத்தம் தின்றுவிட்ட வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து உலகம் இப்போதுதான் கதவைத் திறக்கிறது.

அதே வருஷம் மூளையில் கட்டி என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தது. முகத்தின் ஒரு பக்கம் செயலற்றுப் போயிற்று.

முகத் தசைகளை ஆட்டிவைக்கிற நரம்பு மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு, காதை ஒட்டிய எலும்புக்குள் நுழைந்து வந்து, கன்னத்தில் விசிறிபோலப் பிரிகிறது. நூலைப் போன்றது. மூளை அறுவையில் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிற வழக்கம் 1950களின் பிற்பகுதியில்தான் வர ஆரம்பித்தது. 1946இல் டாக்டர்களுக்கு வெறும் கண்ணும் கையும்தான் துணை. உயிரைக் காப்பாற்றினார்களே, அதுவே பெரிது.

ஆனால் பாடகருக்கு இதன் அர்த்தம் என்ன? ஒலி பிறப்பது தொண்டையில். தொண்டைக்கு வேறு நரம்பு. அங்கே பிறக்கிற நாதம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை எழுத்தாக்குவது வாய். எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று தொல்காப்பியர் ஓர் இயல் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். பகரமும் மகரமும் இரண்டு உதடும் சேர்ந்தால்தான் உண்டு. வகரத்துக்குப் பல்லும் உதடும் வேண்டும். பாதி உதடு அசையாவிட்டால் ‘அம்மா’ என்ற சொல்லே ஒழுகிப்போகும். டேனிஷிலும் ஜெர்மனிலும் இதற்குமேல் உதடு குவிந்து பிறக்கிற உயிர்கள் வேறு இருக்கின்றன. ஷியோட்ஸ் என்ற பெயரின் நடுவில் இருக்கிறதே, அது அப்படிப்பட்ட ஒன்று. தம் பெயரைச் சரியாகச் சொல்வதற்கே அந்த மனிதர் இனிமேல் பாடுபட வேண்டும்.

வெறும் சாரீரத்தை நம்பின பாடகருக்கு இது வந்திருந்தால் நஷ்டம் ஒரு மாதிரி. இவர் சொல்லை நம்பினவர். சொல் பிறக்கிற இடத்திலேயே அடி விழுந்தது.

மனைவி கெர்ட் கூட இருந்தார். ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வொரு சுரமாக மறுபடி பழகினார்கள். குழந்தைக்கு எழுத்தறிவிப்பதுபோல என்று எழுத வந்தேன், அது சரியில்லை. குழந்தைக்கு முன்னால் எப்படி இருந்தது என்பது தெரியாது. இவருக்குத் தெரியும்; போதாக்குறைக்குத் தட்டுகள் வேறு சாட்சி சொல்ல அலமாரியில் இருந்தன. தாங்கள் இருவரும் பட்டதையெல்லாம் 1951இல் கெர்ட் ஒரு புத்தகமாக வெளியிட்டார். ‘கலையும் போராட்டமும்’ என்று பெயர்.

1948இல் ஷியோட்ஸ் மறுபடி மேடை ஏறினார். கோபன்ஹேகனில் பாடினார், அமெரிக்கா சென்று பாடினார். நாவலாக இருந்தால் இந்த இடத்தில் அத்தியாயத்தை முடித்துவிடலாம். விளக்குகள் பிரகாசிக்கின்றன, சபை எழுந்து நின்று கைதட்டுகிறது, குரல் பழையபடி மேலே எழும்புகிறது, வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நானே எழுதினாலும் அப்படித்தான் எழுதத் தோன்றும். பத்திரிகாசிரியரும் அதைத்தான் விரும்புவார். ஆனால் குரல் பழையபடி எழும்பவில்லை. மேல் ஸ்தாயி வசப்படவில்லை. அவர் டெனர் என்ற பெயரை விட்டுவிட்டு பாரிடோனாகப் பாடத் தொடங்கினார். வருகிற சுரங்களை வைத்துக்கொண்டு, வருகிற எழுத்துகளை வைத்துக்கொண்டு பாடினார். தோல்வி என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெற்றி என்று கூவவும் மனம் வரவில்லை. அவர் சபையின் முன்னால் பாதி அசையாத முகத்தோடு நின்றார். பாட்டுக் கச்சேரிக்கு வருகிறவர்கள் பாதி நேரம் பாடகரின் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

கணக்குப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. டெனராக அவர் பொதுமேடையில் பாடியது 1938 முதல் 1946 வரை, எட்டு வருஷம். அதில் ஐந்து வருஷம் நாடு அந்நியர் பிடியில். வெளியுலகம் அந்தக் குரலை நேரில் நன்றாகக் கேட்க வாய்த்தது ஏறக்குறைய ஒரே வருஷம். மெல்கியோர் நியூயார்க்கில் மட்டும் 24 வருஷம் பாடினார். இருந்தாலும், பாட்டுத் தொடர்களைச் சிறப்பாகப் பதிந்தவர்கள் யார் யார் என்று ரஸிகர்கள் சண்டை போடும்போது, அந்த ஒரு வருஷத்துத் தட்டுகளின் பெயர் அடிபடாமல் இருப்பதில்லை.

பிறகு அவர் வாத்தியார் உத்தியோகத்துக்குத் திரும்பினார். 1955இல் அமெரிக்காவில் மின்னஸோட்டா சர்வகலாசாலை. 1958இல் கனடாவில் டொரான்டோ. 1961 முதல் 1968 வரை கொலராடோ. மொத்தம் பதின்மூன்று வருஷம், பனி கொட்டுகிற ஊர்களில், அந்நிய மாணவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். நல்ல குரல் உள்ள வித்வான்களில் பலர் நல்ல வாத்தியார்கள் அல்ல என்பது நம் அனுபவம். “இப்படிப் பாடு” என்று பாடிக் காட்டிவிடுவார்கள். அது எப்படி வருகிறதென்று அவர்களுக்கே தெரியாது, தானாக வந்தது. ஷியோட்ஸுக்கு ஒன்றும் தானாக வரவில்லை. ஓர் எழுத்துக்கு நாக்கு எங்கே நிற்கவேண்டும், உதடு எவ்வளவு திறக்கவேண்டும், மூச்சு எங்கே கசிகிறது என்பதை நாற்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர் அவர். அவரிடம் படித்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றே நினைக்கிறேன். 1970இல் ‘பாடகரும் அவர் கலையும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் எழுதினார்.

1968இல் டென்மார்க்குக்குத் திரும்பியவர் 1975 ஏப்ரல் 19 அன்று கோபன்ஹேகனில் காலமானார். வயது 68. ஊர் திரும்பியபின் அவர் வேலை பார்த்தது ஆசிரியர்களுக்கான உயர்கல்லூரி ஒன்றில். ஆபரா மேடைக்குப் போகிறவர்கள் படிக்கிற இடம் அல்ல அது. அங்கே வந்து படித்தவர்கள் பள்ளிக்கூட வாத்தியார்கள். படித்துவிட்டு அவரவர் ஊருக்குத் திரும்பிப் போய், காலையில் பையன்களையும் பெண்களையும் நிற்கவைத்துப் பாடச் சொல்கிறவர்கள்.